மூலைக்கு மட்டும் யூரியா

சர்க்கரை ஆலையில் என் சித்திக்கு "சாறு அக்கா" என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆலைக்கு வரும் கரும்பில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்கச் சாற்றைக் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கென்ன, குடிக்கிறதுக்குச் சம்பளம்!" என்பார்கள். சித்தி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு சொட்டுச் சாறுகூட நாக்கில் வைத்ததில்லை. அந்த வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பாள்.

அவளுடைய ஆய்வுக்கூடம் ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டிகள், மறு பக்கம் கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய மேசை. லாரியில் வரும் கரும்புக் கட்டுக்குள் இரும்புக் குழாயை இறக்கி ஒரு மாதிரி எடுப்பார்கள். அதைப் பிழிந்த சாறு ஒரு டப்பாவில் சித்தியிடம் வரும். அவள் அதில் பொடி போட்டுக் கலக்கி, வடிதாளில் வடித்து, தெளிந்ததை நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கருவிக்குள் வைப்பாள். உள்ளே போகும் வெளிச்சம் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அவ்வளவு சர்க்கரை. ஆலை முழுக்க எறும்பு ஊறும். அந்த அறையில் மட்டும் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. சித்தியின் கையில் எப்போதும் ஈரத்துணி இருக்கும்.

பாட்டில் கழுவத்தான் அவளை முதலில் வேலைக்கு எடுத்தார்கள். கருவியில் உட்காருபவர் ஒரு பருவத்தில் பாதியில் நின்றுவிட்டார். ஆள் கிடைக்கும் வரை என்று சித்தியை உட்கார வைத்தார்கள். பிறகு ஆள் தேடுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அதே ஆலையில் எடை மேடையில் இருந்தேன். லாரி வந்ததும் எடை போட்டு, விவசாயியின் பெயரைக் கணினியில் ஏற்றி, சாற்று டப்பாவில் ஓர் எண் வில்லையைக் கட்டுவேன். ஆய்வுக்கூடத்துக்கு எண் மட்டும்தான் போகும். எது யாருடைய கரும்பு என்று எனக்குத் தெரியும், சித்திக்குத் தெரியாது. அவள் கேட்டதும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். ஊர் உலகமெல்லாம் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம்.

எங்கள் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் நாணல் மண்டிய சதுப்பு. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் விவசாயம் வந்தது. மண் என்று சொல்வதே நாணலும் புல்லும் மக்கிக் கறுத்ததுதான். கையில் எடுத்தால் கனமே இருக்காது. காய்ந்தால் தூளாகப் பறந்து மூக்குக்குள் ஏறும். அதற்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாறை. சதுப்பின் நடுவில் பாறை ஆழத்தில் இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மேலே வந்துவிடும்.

தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டால் இந்த மண் மேலும் மக்கிக்கொண்டே போகும். மக்க மக்க அதிலிருந்து தழைச்சத்து வெளியே வரும், கரும்பு அதைத் தின்று வளரும். அதனால் இங்கே யாரும் யூரியா மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மக்கும் மண் குறைந்துகொண்டும் போகும். வீடுகளைப் பாறை வரை தூண் இறக்கிக் கட்டியிருப்பதால் வீடு நின்ற இடத்தில் நிற்கும், தரை மட்டும் கீழே இறங்கும். எல்லா வீட்டு வாசலிலும் கீழ்ப்படி மட்டும் புதிதாக இருப்பது அதனால்தான்.

தாத்தா நிலத்தைப் பிரித்தபோது அப்பாவுக்கு நடுப்பகுதி வந்தது. அவர் தம்பிக்கு, அதாவது சித்தியின் கணவரான என் சித்தப்பாவுக்கு, ஓரப்பகுதி. அப்பாவின் நிலத்தில் கடப்பாரையை இறக்கினால் பிடி வரை போகும். சித்தப்பா நிலத்தில் முழங்கால் அளவு போனதும் 'டங்'கென்று நிற்கும். வடக்கு மூலையில் ஒரு சாணுக்கே பாறை. அவர் உழுதால் பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் சத்தம் கேட்கும். அதனால் அவருக்குப் "பாறைக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதை ரசிக்கவில்லை.

விவகாரம் தொடங்கியது ஒரு மழைக் குளிர்காலத்துக்குப் பிறகு. வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்புக் கரும்பு துளிர்த்து வந்துகொண்டிருந்தது. வயலில் தண்ணீர் தேங்கி வடிய நாளாகிவிட்டது. சித்தப்பாவின் பயிர் முழுக்க வெளுத்து மஞ்சளாக நின்றது. அப்பா வரப்பில் நின்று பார்த்தார்.

"என்னடா, கரும்புக்குக் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டு" என்றார்.

அப்பா எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவர் வாய் அப்படி. அடுத்த நாள் சித்தப்பா டவுனுக்குப் போய் யூரியா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

சித்தி கேட்டிருக்கிறாள். "நம்ம மண்ணுக்கு இது எதுக்குங்க?"

"மண்ணு எங்க இருக்கு நம்மகிட்ட? எங்கண்ணன் நிலத்துல இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது பாறைக்கு மேல பூசின மாவு. அது என்னத்தக் குடுக்கும்?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மண் குறைந்தால் அது தரும் சத்தும் குறையத்தானே வேண்டும்? சித்திக்கோ கரும்பு ஆலைக்குள் வந்த பிறகு நடப்பதுதான் தெரியும்.

யூரியா போட்டார். வெயிலும் வந்தது, தண்ணீரும் வடிந்தது, மஞ்சள் மாறிப் பச்சையானது. யூரியாவால் மாறியதா, தண்ணீர் வடிந்ததால் மாறியதா என்று யாரும் யோசிக்கவில்லை. சித்தப்பா உற்சாகத்தில் இன்னொரு தடவையும் போட்டார். கரும்பு மளமளவென்று வளர்ந்து, கருநீலப் பச்சையாகத் தோகை விரித்து, அப்பாவின் கரும்பைவிட ஓர் ஆள் தலை உயரமாக நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். சித்தப்பா அந்தப் பருவம் முழுக்க வீட்டில் தங்கவே இல்லை. சாப்பிட்டதும் வரப்புக்குப் போய்விடுவார்.

வெட்டு நெருங்கியபோது சித்தி ஒரு நாள் போய்ப் பார்த்தாள். "இன்னும் இவ்வளவு பச்சையா இருக்கே, எப்ப முத்தப்போவுது?" என்றாள்.

"கண்ணு வைக்காத. வீட்டுக்குப் போ" என்றார் சித்தப்பா.

வெட்டுக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது. பெரிய காற்று இல்லை. அப்பாவின் கரும்பு ஆடிவிட்டு நின்றுகொண்டது. சித்தப்பாவின் கரும்பு பாரம் தாங்காமல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. பாறைக்கு மேல் கொஞ்சமாக இருக்கிற மண்ணில் வேர் எதைப் பிடித்துக்கொள்ளும்? வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெட்டினார். இருந்தாலும் லாரிகள் நிரம்பி வந்தன. எடை மேடையில் நானே அசந்துபோனேன். சித்தப்பா என் ஜன்னலுக்கு வெளியே நின்று, "எப்படி?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நான் கட்டை விரலைக் காட்டினேன். டப்பாவில் வில்லையைக் கட்டி உள்ளே அனுப்பினேன்.

அன்று மதியம் சித்தி சாப்பாட்டுப் பையைப் பிரித்தபடியே சொன்னாள். "காலையில ஒரு நம்பர் வந்துது பாரு. சாறா அது? பச்சைத் தண்ணி. கருவிதான் கெட்டுப்போச்சோன்னு கழுவித் தொடைச்சு இன்னொரு தடவ பாத்தேன். அதேதான். யாருதுன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா அந்த ஆளு வீட்ல இன்னைக்குச் சண்டை நிச்சயம்."

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் சித்தப்பாவின் கைக்கு ரசீது வந்தது. சர்க்கரை அளவை வைத்துத்தான் விலை என்பதால் எடைக்கு ஏற்ற பணம் அதில் இல்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"யாரு பாத்தது இத?"

"லேப்ல பாத்தாங்க, சித்தப்பா."

"லேப்ல யாரு? பகல் ஷிப்டுல உன் சித்தி ஒருத்திதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் மேடையை விட்டு இறங்கிப் பின்னாலேயே ஓடினேன். ஆய்வுக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ரசீதைச் சித்தியின் முன்னால் வைத்தார். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர்க் குழாயை மூடினார்கள்.

"இது நீ பாத்ததா?"

சித்தி எண்ணைப் பார்த்தாள். பிறகு பெயரைப் பார்த்தாள். முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை.

"ஆமா. ரெண்டு தடவ பாத்தேன்."

"நம்ம கரும்புன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"மூணு தடவ பாத்திருப்பேன்."

சித்தப்பா ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். குழாய்கள் மறுபடி திறந்தன.

அவர்கள் வீட்டில் சண்டை வரவில்லை, அதைவிட மோசமானது வந்தது. சித்தப்பா சுவரிடம் பேச ஆரம்பித்தார். "டீ இருந்தா குடிக்கலாம்" என்று சுவரிடம் சொல்வார். "அடுப்புல இருக்கு" என்று சித்தியும் சுவரிடமே பதில் சொல்வாள். ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது இரண்டு பேரும் இப்படி என்னை நடுவில் உட்கார வைத்துச் சுவரோடு குடும்பம் நடத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆலையில் அவள் பட்டது வேறு. சித்தப்பாவின் கரும்பு இன்னும் பாதி வயலில் கிடந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலாளரிடம் போய், "எங்க வீட்டுக் கரும்ப வேற யாராவது பாக்கட்டும் சார்" என்று கேட்டிருக்கிறாள்.

"தாராளமா. எந்த நம்பர்னு சொல்லுங்க, எடுத்து வச்சுடறேன்" என்றார் அவர்.

எண் அவளுக்குத் தெரிந்தால்தானே! திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்கக் குறைவாக வந்த ஒவ்வொரு சாறும் அவளுக்குத் தன் வீட்டுச் சாறாகத்தான் இருந்தது. குறைவாக வந்ததை எழுதும் முன் ஜன்னல் வழியாக என் பக்கம் பார்ப்பாள். நான் குனிந்துகொள்வேன். சில சமயம் அது வேறு யாருடைய கரும்பாகவோ இருக்கும். அதையாவது சொல்லலாமா என்று நாக்கு துடிக்கும். சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னது போலத்தான்.

ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். "கொஞ்சம் ஏத்தி எழுதியிருந்தா உங்க சித்தப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு. அடுத்த வருஷமும் அதே மாதிரி மூட்டை மூட்டையாக் கொட்டியிருப்பாரு." சாப்பாட்டுப் பையை மடித்துக்கொண்டே, "எனக்குக் கோபம் அதுல இல்ல. எல்லார் முன்னாடியும் வந்து கேட்டாரே, அதுல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கழுவப் போனாள்.

அரவை முடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆலையின் பயிர் ஆலோசகரைக் கையோடு வயலுக்கு அழைத்து வந்தாள். அவர் நடுத்தர வயதுப் பெண்மணி. எங்கள் கறுப்புத் தூசு அவருக்கு ஆகாது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு, கையில் ஒரு நீளக் கம்பியுடன் வந்தார். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கம்பி எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார்.

ஆலோசகர் தும்மி முடித்துவிட்டுச் சொன்னார். "முழங்கால் ஆழம் இருக்கிற இடத்துல இந்த மண்ணே போதுமான தழைச்சத்தக் குடுக்கும்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல நீங்க போட்டது இலைக்குத்தான் போச்சு. வளர்றத நிறுத்தினாத்தான் கரும்பு சர்க்கரையச் சேக்கும். உங்க கரும்புக்கு நிறுத்தவே மனசு வரல. மஞ்சளா நின்னுச்சே, அது தண்ணி தேங்கி வேர் மூச்சு முட்டினது. வடிஞ்சதும் தானா சரியாயிருக்கும்."

"அப்ப நான் போட்டது மொத்தமும் தண்டம்னு சொல்றீங்களா?"

"வடக்கு மூலையப் பத்தி மட்டும் எனக்குத் தெரியல. ஒரு சாண் மண்ணு எவ்வளவுதான் குடுக்கும்? அங்க குறையலாம். புத்தகத்துல ஒரு மாதிரி இருக்கு, வயல்ல ஒரு மாதிரி இருக்கு. வயல்லயே போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

தெரியல என்று அவர் சொன்னதுதான் சித்தப்பாவுக்குப் பிடித்தது. அவருக்குத் தெரியும் தெரியும் என்கிற ஆட்களைக் கண்டால் ஆகாது. "என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து முளை அடித்தார்கள். ஒரு பட்டைக்கு யூரியா, அடுத்த பட்டைக்கு வெறுமனே. மூலையிலும் அப்படியே. எதில் போட்டது, எதில் போடாதது என்று சித்தப்பாவுக்கும் ஆலோசகருக்கும் மட்டும் தெரியும். சித்திக்குச் சொல்லவில்லை. அவளும், "சொல்லிடாதீங்க" என்றாள். அது சுவரிடம் சொன்னதா அவரிடமே சொன்னதா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு சுவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அடுத்த வெட்டுக்கு ஒவ்வொரு பட்டையிலிருந்தும் கையாலேயே வெட்டிக் கட்டுக் கட்டாக எடை போட்டு, சாற்றை எண்ணோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். சித்தப்பா வெளியே தாழ்வாரத்தில், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற ஆள் போல நடந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். முன்பு தள்ளிக்கொண்டு போன அதே கதவுதான். இந்தத் தடவை தட்டக்கூட இல்லை.

சித்தி வெளியே வந்து தாளை ஆலோசகரிடம் கொடுத்தாள். அவர் எண்களுக்கு நேராகப் பட்டைகளை எழுதி, எடைகளையும் சேர்த்தார். முழங்கால் ஆழ மண்ணில் யூரியா போட்டதற்கும் போடாததற்கும் எடையில் வித்தியாசமே இல்லை. சர்க்கரைதான் போட்டதில் கொஞ்சம் குறைந்திருந்தது. வடக்கு மூலையில் மட்டும் கதை வேறு. அங்கே அளவாகப் போட்ட பட்டையில் கரும்பு நன்றாகத் தேறியிருந்தது, சர்க்கரையும் இறங்கவில்லை. போடாத பட்டை ஊசிக் கரும்பாகவே நின்றுவிட்டது.

சித்தப்பா தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூலையில நான் சொன்னது சரிதான?"

"மூலையில சரிதான்" என்றாள் சித்தி.

"மத்த இடத்துல?"

"அத வேற என் வாயால கேக்கணுமா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு, ஈரத்துணியோடு கதவருகே நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நான் உள்ள வந்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். அவர் கத்தவே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சித்தி திருத்தவில்லை. "சரி, போங்க, அடுத்த லாரி வந்தாச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

மறு வருஷத்திலிருந்து மூலைக்கு மட்டும் அளவாக யூரியா, மற்ற இடத்துக்கு ஒன்றும் இல்லை. அதுவும் ஒரே முறை முடிவு செய்து விட்டுவிடுகிற விஷயமாக இல்லை. மழை அதிகமான வருஷம் ஒரு மாதிரி, காய்ந்த வருஷம் ஒரு மாதிரி. மண்ணும் இறங்கிக்கொண்டே இருந்தது. மூலை என்பது மெல்ல மெல்லப் பெரிதாயிற்று. ஆலோசகர் மாற்றலாகிப் போன பிறகு சித்தப்பா தானே ஒரு கம்பி செய்துகொண்டு, வெட்டு முடிந்ததும் வயலெல்லாம் குத்திப் பார்ப்பார். சித்தி கூடவே போய்ப் பாறை தட்டுகிற இடங்களில் முளை அடிப்பாள்.

பிறகு ஒரு வருஷம் அப்பாவின் நிலத்திலும் 'டங்'கென்றது. நடு வயலில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், கலப்பைக் கொழு முறிந்துவிட்டது. அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். என்ன பேச்சு வரப்போகிறதோ என்று நானும் கூடப் போனேன். சித்தப்பா முறிந்த கொழுவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"உக்காருண்ணே. கம்பிய எடுத்துக்கிட்டு வரேன்" என்றார்.

சித்தியும் சேர்ந்து மூன்று பேருமாகப் போய் அப்பாவின் நிலத்தைக் குத்திப் பார்த்தார்கள். யூரியாவைப் பற்றிப் பேசத்தான் அப்பா போனது. வரும்போது பேச்சு தண்ணீருக்கு மாறியிருந்தது. கால்வாய் முனையில் இரண்டு வயலுக்கும் பொதுவாக ஒரு வடிகால் பம்ப் இருக்கிறது. மழை பெய்தால் போதும், அண்ணன் தம்பி இருவரில் யார் முந்துகிறாரோ அவர் போய்ப் போட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் வயல் காய்ந்தாக வேண்டும். காய்ந்தால்தான் மண் வேகமாகக் கரைகிறது என்று ஆலோசகர் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தண்ணியக் கொஞ்சம் மேலயே நிறுத்தி வச்சாத்தான் இருக்கிற மண்ணாவது மிஞ்சும்" என்றாள் சித்தி. "வேர் மூச்சு முட்டாத அளவுக்கு. பயிர் இல்லாத மாசத்துல முழுக்கவே நிறுத்தலாம்."

"அந்த அளவ யாரு பாக்கிறது? இவன் பாத்தா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"அண்ணன் பாத்தா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா.

சித்தி இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். கால்வாய் முனையில் ஓர் அளவுகோலை நட்டு வைத்திருக்கிறாள். பம்ப் அறைச் சாவி அவளிடம்தான். மழை விட்டதும் அப்பா தன் வீட்டிலிருந்தும் சித்தப்பா சமையலறையிலிருந்தும் வந்து அவள் முன்னால் நிற்பார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வருவாள். சில நாள் சாவியை எடுத்துக் கொடுப்பாள். பல நாள், "இன்னைக்கு வேணாம்" என்பாள். இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போவார்கள்.